தொடங்கிய வினையை நிறுத்துமாறு

ஒரு வினையைத் தொடங்குதல் எளிது. தொடங்கிய வினையை ஊறின்றி இடையில் நிறுத்துதல் அரிது. தறியில் அமர்ந்து நெய்யும் நெசவாளரைப் பாருங்கள். உணவு வேளையென்று வீட்டினுள்ளிருந்து குரல் வந்தால், நாடா பாவின் நடுவே ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்துவிடுவதில்லை. ஓடிய நாடா மறுகரை சேர்கின்றது. அச்சு ஒருமுறை ஊடையை அடித்து நெருக்குகின்றது. அதன் பின்னரே அவர் மிதியினின்றும் காலை எடுக்கின்றார். அழைத்தவர் சற்றே காத்திருக்கின்றார். ஆயினும் துணி பழுதுபடுவதில்லை. அவ்வாறன்றி, அழைத்தவர் ஓடிவந்து நெசவாளரின் தோளைப் பற்றி இழுத்தெழுப்பினால், அறுந்த இழைகளை முடிந்து சேர்ப்பதற்கே அன்று மாலை கழிந்துவிடும்.

கணிப்பொறியினுள் நிகழும் வினைகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எமக்கு இப்பொருளில் என்ன நாட்டம் என்று நண்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே, விடை ஓர் இழப்பிலிருந்து பிறந்தது.

சென்ற பருவத்தில் யாம் மூவர் கூடிப் பழைய உரைநூல்கள் சிலவற்றுக்குச் சொல்லடைவு ஒன்று தொகுக்கத் தொடங்கினோம். அச்சுப் பக்கங்களைப் படம்பிடித்து எழுத்தாக மாற்றிய கோப்புகள் எம்மிடம் இருந்தன. அவற்றில் மலிந்திருந்த பிழைகளை மூலப் பதிப்போடு ஒப்பிட்டுக் கையால் திருத்துவது எம்முள் ஒருவர் மேற்கொண்ட பணி. திருத்தங்களைச் சேர்த்துச் சொற்களை அகரநிரலாக அடுக்குதற்குச் சி மொழியில் ஒரு நிரல் எழுதினோம். அதில் 'நிறுத்து' என்றொரு பொத்தானும் வைத்தோம். பலமுறை அப்பொத்தான் நன்றாகவே வேலை செய்தது. ஒருநாள் மாலை, நூலகம் அடைக்கும் நேரத்தில் அதனை அழுத்தினோம். திரை அசைவற்று நின்றது. வேறு வழி காணாது நிரலை முழுதும் முடித்துவிட்டுச் சென்றோம். மறுநாள் கோப்பைத் திறந்தபோது அதிற் பாதியைக் காணவில்லை. மூன்று வாரம் கண்ணொளி செலவிட்டுச் செய்த திருத்தங்கள் போயின. படி ஒன்று எடுத்துவைக்க வேண்டும் என்று மூவரும் நினைத்திருந்தோம். மற்றவர் எடுத்திருப்பார் என்று மூவரும் இருந்துவிட்டோம். நண்பர் எம்மை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதிருந்ததே எமக்குப் பெருந்துன்பமாயிற்று. பிழை கணிப்பொறியினுடையதன்று, எம்முடையதே என்பதைப் பின்னர்க் கற்றுணர்ந்தோம். கற்றதை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இழை என்பது யாது?

சி மொழி 1972-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவரால் ஆக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் இயக்கமுறைமைகள், தரவுத்தளங்கள், வலைச் சேவையகங்கள் முதலிய பலவற்றின் அடித்தளத்தில் அம்மொழி நின்று வருகின்றது. அதன் இயல்பு கண்டிப்பானது. பெற்ற நினைவகத்தைத் திருப்பித் தருவதும், திறந்த கோப்பை மூடுவதும், பூட்டிய பூட்டைத் திறப்பதும் எழுதுவோன் கடமையேயாகும். அவன் மறந்தவற்றை மொழி தானே செய்து முடிப்பதில்லை.

ஒரு நிரலுக்குள் ஒரே காலத்தில் பல வினைத்தொடர்கள் இயங்குமாறு அமைக்கலாம். அவற்றுள் ஒவ்வொன்றும் இழை எனப்படும். ஒரு வீட்டில் பலர் வாழ்வது போல, ஒரு நிரலின் இழைகள் யாவும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆதலின் ஒருவர் எழுதும் ஏட்டை மற்றொருவர் அக்கணத்திலேயே திருத்தப் புகுந்தால் குழப்பம் விளையும். இதனைத் தடுத்தற்கு ஏற்பட்டதே 'மியூடெக்ஸ்' என்னும் பூட்டு. பொதுப்பொருளைத் தொடக் கருதும் இழை முதலிற் பூட்டைப் பெறும். வேலை முடிந்ததும் அதனை விடும். இடையில் வந்த பிற இழைகள் வாயிலில் காத்துநிற்கும். எந்த இழை பூட்டியதோ அந்த இழையே திறத்தல் வேண்டும் என்பது விதி. இவ்விதி நினைவில் இருக்கட்டும். வரும் துன்பமெல்லாம் இதனைச் சுற்றியே வருவது.

எம் நிரல் செய்த பிழை

எம் நிரலில் முதன்மை இழையன்றி நான்கு இழைகள் இருந்தன. மூன்று இழைகள் பக்கம் பக்கமாகச் சொற்களைப் பிரித்துப் பொதுப் பட்டியலிற் சேர்க்கும். நான்காவது, சற்றைக்கொருமுறை திருத்தங்களைக் கோப்பில் எழுதும். பட்டியலுக்கு ஒரு பூட்டு உண்டு. 'நிறுத்து' என்பதை அழுத்தினால், முதன்மை இழையானது 'பீதிரெட்-கேன்சல்' என்னும் செயற்கூற்றால் நான்கனையும் நிறுத்தும். அவை உடனே நிற்க வேண்டும் என்னும் ஆவலால், 'எக்கணத்தும் நிறுத்தலாம்' என்னும் வகையில் அவற்றை அமைத்திருந்தோம். அவ்வாவலே கேடாயிற்று.

அன்று மாலை நிகழ்ந்தது இதுவே: ஓர் இழை பூட்டைப் பெற்றுப் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அக்கணத்தில் நிறுத்தக் கட்டளை வந்து அதனை மாய்த்தது. பூட்டு பூட்டியபடியே நின்றது. திறத்தற்குரிய இழையோ இல்லை. பின்னர் முதன்மை இழை, 'இதுவரை சேர்ந்த சொற்கள் இத்தனை' என்று திரையிற் காட்டுதற்பொருட்டு அதே பூட்டை நாடியது. வாராத ஒருவரை எதிர்நோக்கி அது காத்துக்கிடந்தமையாலேயே திரை அசைவற்றது.

கோப்பு அழிந்தது வேறொரு காரணத்தால். பழைய கோப்பை எழுதுதற்பொருட்டுத் திறக்குங்கால், அதன் உள்ளடக்கம் முதலில் வெறுமையாக்கப்படுகின்றது. புதியது அதன் பின்னரே எழுதப்படுகின்றது. நான்காம் இழை அவ்வாறு திறந்து பாதி எழுதிய நிலையில் மாண்டது. எஞ்சிய பாதி அப்போதும் நினைவகத்திற் பத்திரமாகவே இருந்தது. யாம் நிரலை முடித்தபோது அதுவும் அழிந்தது. பலமுறை ஒன்றும் நேராதிருந்தது எம் திறத்தாலன்று. கட்டளை வந்த கணங்களில் எந்த இழையும் பூட்டையோ கோப்பையோ பற்றியிராமையாலேயாம். இத்தகைய பிழை நூறுமுறை ஒளிந்திருந்து நூற்றோராம் முறை வெளிப்படும் என்பதே அதன் கொடுமை.

வெளியினின்று மாய்த்தல் ஏன் தகாது?

முழு நிரலையே முடித்தால் நினைவகத்தையும் திறந்த கோப்புகளையும் இயக்கமுறைமை தானே மீட்டுக்கொள்கின்றதே; ஓர் இழையை முடித்தால் மட்டும் ஏன் அவ்வாறு செய்வதில்லை என்று வினவலாம். விடை எளிது. வீடு முழுவதும் காலியானால் வீட்டுக்குரியவர் யாவற்றையும் எடுத்துக்கொள்வார். வீட்டில் ஒருவர் மட்டும் நீங்கினால், எந்தப் பொருள் அவருடையது, எது பிறருடையது என்று அவர் எங்ஙனம் அறிவார்? நினைவகமும் கோப்பும் நிரலுக்கு உரியவை. தனி இழைக்கு உரியவை அல்ல. ஆதலின் இழை மாண்டபின் அது பெற்றவை கேட்பாரற்றுக் கிடக்கும்.

இவ்வாறு விளையும் கேடுகள் மூவகைப்படும். பூட்டு பூட்டியபடி நிற்றல் ஒன்று. நினைவகமும் கோப்புகளும் திருப்பப்படாது தேங்குதல் இரண்டு. பொதுத்தரவு பாதி மாறியும் பாதி மாறாமலும் நிற்றல் மூன்று. இவற்றுள் மூன்றாவதே மிகக் கொடியது. என்னை? முதலிரண்டும் நிரலை நிறுத்தவோ மெலிவிக்கவோ செய்யும். மூன்றாவது, நிரலைத் தடையின்றி ஓடவிட்டுத் தவறான விடைகளைத் தரச்செய்யும்.

பிறரும் இதனைப் பட்டறிந்தே கற்றனர். ஜாவா மொழியில் பிற இழையை மாய்க்கும் 'ஸ்டாப்' என்னும் கட்டளை தொடக்கத்தில் இருந்தது. 1998-இல் வெளிவந்த 1.2-ஆம் பதிப்பில் அது கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டது. 2023-இல் வெளிவந்த 20-ஆம் பதிப்பில் அதனை அழைத்தாற் பிழையே கிட்டும் என்றாக்கப்பட்டது. விண்டோஸ் இயக்கமுறைமையில் 'டெர்மினேட்-திரெட்' என்பது இன்றும் உளது. எனினும் அது அபாயமானது, மிக்க நெருக்கடியிலன்றி வழங்கற்பாலதன்று என்று அதனை ஆக்கியோரே எச்சரிக்கின்றனர். ஆண்ட்ராய்டின் சி நூலகத்தில் பீதிரெட்-கேன்சல் சேர்க்கப்படவேயில்லை. 2011-ஆம் ஆண்டுச் சி மொழித் தரநூல் இழைகளை முதன்முறையாக மொழிக்குள் ஏற்றபோது, ஓர் இழை தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் வழியைத் தந்ததேயன்றிப் பிறிதோர் இழையை மாய்க்கும் வழியைத் தரவில்லை.

போசிக்ஸ் வகுத்த நெறி

அற்றேல், பீதிரெட்-கேன்சல் முற்றும் தீயதோ எனின், அன்று. 1995-ஆம் ஆண்டில் இழைகளுக்கென வகுக்கப்பட்ட போசிக்ஸ் தரநூல் அதனைச் சில காப்புக்களோடு சேர்த்தே தந்தது. யாம் அக்காப்புக்களை நீக்கிவிட்டு வாளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அந்நூற்படி, நிறுத்தக் கட்டளை என்பது ஒரு வேண்டுகோளேயாகும். ஒவ்வோர் இழையும் அவ்வேண்டுகோளை ஏற்கும் நிலையிலோ, ஏற்காது நிலுவையில் வைக்கும் நிலையிலோ இருக்கலாம். ஏற்கும் நிலையிலும் இருவகை உண்டு. ஒன்று, எக்கணத்தும் நிற்றல். மற்றொன்று, குறித்த இடத்தை அடையுங்காலே நிற்றல். வேறொன்றும் சொல்லாவிடின் இரண்டாம் வகையே பெறப்படும். முதல் வகையில் இயங்கும் இழை, மாற்றமின்றி அழைக்கத்தக்க செயற்கூறுகள் என்று தரநூல் உறுதியளிப்பன மூன்றே. அம்மூன்றும் நிறுத்தத்தைப் பற்றியனவே. நினைவகம் பெறுதற்கான 'மாலக்' கூட அவற்றுள் அடங்காது. ஆதலின் அவ்வகை, எதனையும் பெறாது கணக்கிட்டுக்கொண்டே செல்லும் சுழற்சிகளுக்கன்றிப் பிறிதெதற்கும் ஆகாது.

இரண்டாம் வகையில் இழை நிற்றற்குரிய இடங்களைத் தரநூலே பட்டியலிட்டுள்ளது. படித்தலுக்குரிய 'ரீட்', எழுதுதற்குரிய 'ரைட்', உறங்குதற்குரிய 'ஸ்லீப்', நிபந்தனைக்குக் காத்திருக்கும் 'பீதிரெட்-காண்ட்-வெயிட்' முதலியன அவை. பூட்டைப் பெறும் செயற்கூறு அப்பட்டியலில் இல்லை. நெடுங்கணக்கு ஒன்றைச் செய்யும் இழை இவற்றுள் ஒன்றையும் அழையாதாயின், அது என்றும் நில்லாது. இடையிடையே 'பீதிரெட்-டெஸ்ட்கேன்சல்' என்பதை எழுதுவோனே வைத்தல் வேண்டும்.

மாயும் முன் செய்ய வேண்டிய கடமைகளையும் முன்கூட்டியே பதிந்துவைக்கலாம். பூட்டைப் பெற்றவுடன் அதனைத் திறக்கும் செயலை 'பீதிரெட்-கிளீனப்-புஷ்' என்பதாற் பதிந்தால், நிறுத்தம் நேருங்கால் அச்செயல் தானே நிகழும். பல கடமைகள் பதியப்பட்டிருப்பின், இறுதியிற் பதிந்தது முதலில் நிறைவேறும். பதிந்ததை நீக்கும் 'பாப்' என்பது அதே தொகுதிக்குள் இணையாக வருதல் வேண்டும். இரண்டற்கும் இடையே 'ரிட்டர்ன்' செய்து வெளியேறலாகாது. நிபந்தனைக்குக் காத்திருக்கும் இழை நிறுத்தப்படுங்கால், பூட்டு அதன் கைக்கு மீண்டும் வந்த பின்னரே கடமைச் செயல்கள் நிகழும் என்பதும் அறியத்தக்கது.

இவ்வளவு காப்பிருந்தும் ஓர் இடர் எஞ்சுகின்றது. 'பிரின்ட்எஃப்', 'எஃப்ஓபன்' முதலிய பல செயற்கூறுகள் நிற்றற்குரிய இடங்களாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று தரநூல் விட்டுவிட்டது. ஆதலின் பிழை காண்டற்பொருட்டு நடுவில் ஒரு வரி அச்சிட்டாலே இழை மாயத்தக்க புதிய இடம் ஒன்று தோன்றக்கூடும். அன்றியும், பிறர் எழுதிய நூலகத்தை அழைக்கும்போது அதனுள் எத்தனை இடங்கள் உள்ளன, அவற்றை எழுதியவர் கடமைகளைப் பதிந்தாரா என்பதை நாம் அறியோம். எம் நிரல் போன்றவற்றுக்கு இதனினும் தெளிவான வழி வேண்டும்.

கொடி காட்டி நிறுத்துதல்

அவ்வழி தறிக்காரர் வழியே. அழைப்பவர் அழைப்பை மட்டும் விடுப்பார். நிற்குமிடத்தை நெய்பவரே தேர்வார். நிரலில் ஒரு கொடி வைக்கப்படும். அது தொடக்கத்தில் 'இல்லை' என்றிருக்கும். நிறுத்த விரும்பும் இழை அதனை 'ஆம்' என்று மாற்றும். வேலை செய்யும் இழை தனக்கு வசதியான இடங்களில் அக்கொடியைப் பார்த்து, 'ஆம்' எனக் கண்டால், கையிலுள்ளதை முறையாக முடித்துத் தன் செயற்கூற்றினின்று தானே திரும்பும். 2020-ஆம் ஆண்டுச் சி பிளஸ் பிளஸ் தரநூல் இம்முறையையே தன் நூலகத்திற் சேர்த்துக்கொண்டது.

கொடியை எவ்வாறு அமைப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண எண்மாறி ஒன்றைக் கொடியாக வைத்தால், மொழிமாற்றி அச்சுழற்சிக்குள் அதனை மாற்றுவார் எவருமிலர் என்று கருதி, ஒருமுறை மட்டும் படித்துவிட்டு மீண்டும் பாராதிருக்கலாம்; இழை முடிவின்றிச் சுழலும். 'வாலட்டைல்' என்னும் அடைமொழியைச் சேர்த்தால் போதும் என்பர் சிலர். அது ஒவ்வொரு முறையும் படிக்கச் செய்யுமேயன்றி, இழைகளுக்கு இடையே செய்தி செல்லுதற்குச் சி மொழி தரும் உறுதியன்று. 2011-ஆம் ஆண்டுத் தரநூல் தந்த 'அட்டாமிக்' வகை மாறியே இதற்கு உரியது.

கொடியை எங்கே பார்ப்பது? இலக்கணம் பயிலும் எமக்கு இவ்விடத்து ஓர் ஒப்புமை தோன்றுகின்றது. 'வந்து' என்னும் வினையெச்சம் தன்னளவில் அமைவதன்று. ஒரு முற்றை வேண்டி நிற்பது. பூட்டைப் பெறுதல், கோப்பைத் திறத்தல், நினைவகம் பெறுதல் ஆகியன எச்சங்கள் போல்வன. பூட்டை விடுதல், கோப்பை மூடுதல், நினைவகத்தைத் திருப்பித் தருதல் ஆகியன அவற்றை முடிக்கும் முற்றுக்கள் போல்வன. எச்சத்துக்கும் முற்றுக்கும் இடையே வாக்கியத்தை வெட்டலாகாது; ஒரு வாக்கியம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் நிறுத்தலாம். ஆதலின் பூட்டைப் பெறுமுன் கொடியைப் பார், பெற்றபின் வேலையை முடித்து விடு, மீண்டும் பார். கொடியைப் படித்தற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. எம் நிரலில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் பார்க்கின்றோம்.

உறங்கும் இழையை எழுப்புதல்

கொடி முறைக்கும் ஒரு குறை உண்டு: உறங்கும் இழைக்குக் கொடி தெரியாது. வேலையில்லாது நிபந்தனைக்குக் காத்திருக்கும் இழையும், வலைவழித் தரவு வருமென்று 'ரீட்' செயற்கூற்றில் நிற்கும் இழையும் கண்மூடியவை. கொடியை உயர்த்துதலோடு அவற்றை எழுப்புதலும் வேண்டும்.

நிபந்தனைக்குக் காத்திருக்கும் இழையை எழுப்புதல் எளிது. பூட்டைப் பெற்று, கொடியை உயர்த்தி, 'பிராட்காஸ்ட்' என்னும் அறிவிப்பால் காத்திருக்கும் யாவரையும் எழுப்புக. காத்திருக்கும் இழையும் 'வேலை இல்லை, கொடியும் உயரவில்லை' என்னும் வரையிலேயே காத்திருக்குமாறு சுழற்சியை அமைத்துக்கொள்க. கொடியை உயர்த்துங்கால் பூட்டைப் பெறவேண்டுவது ஏனெனின், இழை கொடியைப் பார்த்துவிட்டு உறங்கப்போகும் இடைவெளியில் அறிவிப்பு வந்தால், அதனைக் கேளாது அது உறங்கிவிடும். பூட்டு அவ்விடைவெளியை அடைக்கின்றது.

தரவுக்குக் காத்திருக்கும் இழைக்கு வழிகள் சில உண்டு. 'போல்' என்னும் செயற்கூற்றுக்குக் கால எல்லை கொடுத்து, எல்லை கடக்குந்தோறும் கொடியைப் பார்த்தல் ஒன்று. எல்லை நூறு மில்லிநொடியாயின், தரவொன்றும் வாராத காலத்தும் இழை நொடிக்குப் பத்து முறை வீணே விழிக்கும். நிறுத்தமும் நூறு மில்லிநொடி வரை தாமதிக்கும். இதனினும் நல்லது, இழை காத்திருக்கும் இடத்தில் இரண்டாவது வாயில் ஒன்றைத் திறந்துவைத்தல். ஒரு குழாயின் படிக்கும் முனையையும் 'போல்' பட்டியலிற் சேர்த்துவிட்டால், நிறுத்த விரும்புவோர் அக்குழாயில் ஒரே ஓர் எழுத்தை எழுதினாற் போதும். இழை உடனே விழிக்கும். லினக்ஸ் 2007-ஆம் ஆண்டிலிருந்து இதற்கென்றே 'ஈவன்ட்-எஃப்டி' என்னும் எளிய கருவியைத் தந்து வருகின்றது.

சிக்னல் அனுப்பி எழுப்புதலும் உண்டு. உறங்கும் அழைப்பு இடையறுந்து 'ஈஇன்டர்' என்னும் பிழைக்குறியோடு திரும்பும்; இழை கொடியைப் பார்க்கும். ஆனால் இங்கும் முன்சொன்ன இடைவெளியே இடர் விளைக்கும். கொடியைப் பார்த்த பின்னும் 'ரீட்' தொடங்கு முன்னும் சிக்னல் வந்துபோனால், அது பயனற்றதாகும். இதனைத் தவிர்த்தற்கே, சிக்னல் தடையை நீக்குதலையும் காத்திருத்தலையும் பிளவின்றி ஒருங்கே செய்யும் 'பீபோல்' முதலியன ஏற்பட்டன. புதிதாக எழுதுவோர்க்கு இரண்டாம் வாயில் முறையே பிழை குறைந்தது என்பது எம் கருத்து.

நின்ற பின் செய்ய வேண்டுவன

கொடியை உயர்த்தினோம், இழையை எழுப்பினோம். அத்துடன் வேலை முடிந்ததாகாது. இழை உண்மையில் நின்றதை 'பீதிரெட்-ஜாயின்' என்பதாற் காத்திருந்து அறிதல் வேண்டும். அது திரும்பிய பின்னரே, இழைகள் பயன்படுத்திய பட்டியலையும் பூட்டையும் கொடியையும் அழித்தல் தகும். முந்தி அழித்தால், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இழை இல்லாத கொடியை நோக்கிச் செல்லும். எழுப்புதல், காத்திருத்தல், அழித்தல் என்னும் இவ்வரிசை மாறலாகாது.

கோப்பைக் காத்தற்கு மற்றொரு முறை உண்டு. பழைய கோப்பின்மேல் எழுதாது, அதன் பக்கத்தில் வேறு பெயரில் புதிய கோப்பை எழுதுக. எழுதி முடித்து, 'எஃப்சிங்க்' என்பதால் அது வட்டில் சேர்ந்ததை உறுதிசெய்க. பின்னர் 'ரீநேம்' என்பதாற் பழைய பெயரைப் புதியதற்குச் சூட்டுக. பெயர்மாற்றம் பிளவின்றி ஒருங்கே நிகழ்வது. ஆதலின் அப்பெயரைத் திறப்பவர்க்கு முழுமையான பழையதோ முழுமையான புதியதோ கிட்டுமேயன்றி, பாதி கிட்டாது. இம்முறையை அன்று அறிந்திருந்தால், நிரல் நின்றிருப்பினும் எம் நண்பரின் உழைப்பு நின்றிராது. இறுதிச் சில நிமிடங்களின் திருத்தங்களே போயிருக்கும்.

நிறுத்தவே இயலாத வினைகளும் உண்டு. பெயரைக் கொண்டு வலைமுகவரி தேடும் நூலகச் செயற்கூறு சில வேளை பல நொடி தாமதிக்கும். அதனுள் எம் கொடியைப் பார்ப்பார் இல்லை. அத்தகைய வினையைத் தனி இழையிடம் விட்டு, 'இதன் விடை இனி வேண்டா' என்று குறித்துவைத்து, அது தானே முடியுமாறு விடுதல் ஒரு வழி. இருவருக்கும் பொதுவான தரவை இறுதியில் விடுபவர் அழித்தல் வேண்டும். உறுதியாக உடனே நிறுத்த வேண்டுமெனின், அவ்வினையைத் தனி நிரலாகவே இயக்குக. அதனை மாய்த்தால் இயக்கமுறைமை அதன் உடைமைகளை மீட்டுக்கொள்ளும். எனினும் அந்நிரல் கோப்பில் எழுதுவதாயின், பெயர்மாற்ற முறை அங்கும் வேண்டும் என்பதை எம் கதையே காட்டும்.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். இழையை வெளியினின்று மாய்த்தற்க, நிற்குமாறு வேண்டுக. வேண்டுகோளை அட்டாமிக் கொடியால் அறிவிக்க. உறங்குவதை எழுப்புதற்கு வழி அமைக்க. பூட்டும் கோப்பும் கையில் இல்லாத இடத்திலேயே நிற்கச் செய்க. நின்றதை அறிந்த பின்னரே பொதுப்பொருளை அழிக்க. பீதிரெட்-கேன்சலை வழங்கியே தீரவேண்டுமாயின், குறித்த இடத்தில் நிற்கும் வகையையே கொண்டு, ஒவ்வொரு பேற்றுக்கும் அதனைத் திருப்பித் தரும் கடமையைப் பதிந்துவைக்க.

இந்நெறிப்படி எம் நிரலைத் திருப்பி எழுதினோம். இழந்த திருத்தங்களை இம்முறை மூவரும் பங்கிட்டுக்கொண்டு மீண்டும் செய்தோம். 'நிறுத்து' என்று அழுத்தினால் இப்போது நிரல் உடனே நிற்பதில்லை; ஒரு வரியை முடித்து, கோப்பை மூடி, கண்ணிமைக்கும் நேரம் தாழ்த்தே நிற்கின்றது. அச்சிறு தாமதத்தைக் குறையென்று முன்பு எண்ணினோம். அதுவே காப்பு என்பதை இழந்து கற்றோம்; இதனைப் படிப்போர் இழவாமலே கற்பாராக.